ஏழாம் பாடத்தோடு எழுந்து போன குரல்கள்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் மைக்கைத் தொட்ட நொடியிலிருந்து தலைவலியையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும், எங்கள் பார்வையற்றோர் பள்ளியின் தலைமையாசிரியர் ஐயா அவர்களே! எனக்குப் பின்னால் சாவிக்கொத்து குலுங்க வீற்றிருக்கும், வாசிப்போர் சங்கத்தின் செயலாளர் அம்மா அவர்களே! அதே வரிசையில், அம்மாவின் நாற்காலிக்கும் தன் நாற்காலிக்கும் நடுவே ஒரு பேருந்து போகுமளவுக்கு இடம்விட்டு, நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டு அமர்ந்திருக்கும், ஒலிநூல் அறக்கட்டளையின் தலைவர் ஐயா அவர்களே! எங்களைக் கண்ணாக வளர்த்து, எங்களுக்குக் கண்ணாக வாழும் தாய்மார்களே! காசு கேட்காமல் எங்களுக்காகப் புத்தகம் வாசித்துக் குரல் கொடுக்கும் கொடையாளர்களே! பிஸ்கட் உறையைப் பிரிக்கும் சத்தம் மேடைக்குக் கேட்காது என்று நம்பிக்கொண்டிருக்கும் முன்வரிசைப் பெரியோர்களே!

கடைசியாக, இங்கே வராமல் விடுதி அறையிலேயே இருந்துவிட்ட என் நண்பனே! உன்னையும் விளிக்கிறேன். விளிக்கப்படுகிறவர் எதிரில் இருந்தே தீர வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? எதிரில் ஒருவர் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று தெரியாமலே பாதி நாள் பேசிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். எங்களுக்கு இது பழகிய பாடு.

உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

என்னை அழைத்திருப்பது நன்றியுரைக்கு. "சுருக்கமாப் பேசிட்டு இறங்குடா" என்று ஐயா இப்போது என் காதோரம் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. மைக்குக்கும் கேட்டது போலிருக்கிறது, சிரிக்கிறீர்கள். சரி, சுருக்கமாகவே தொடங்குகிறேன். நீளமாக முடிப்பது என் பொறுப்பு.

பெரியோர்களே, என் நண்பன் வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போகிறான்.

அவனுக்கு விடுதியில் வைத்த பெயர் எதிரொலி. எதைக் கேட்டாலும், கேட்ட கேள்வியைத் தானும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வான். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியாவா? சாப்பிட்டேன்." "தூங்கறியா?" என்றால் "தூங்கறியாவா? தூங்கிட்டுத்தான் இருந்தேன், நீ கேக்கற வரைக்கும்." இயற்பியல் என்றால் அவனுக்கு உயிர். தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளும் அந்தச் சனிக்கிழமைதான். புத்தகம் முழுவதும் கைக்கு வரும் என்ற உறுதி இல்லாமல் பெயர் கொடுக்க முடியாது என்பது பள்ளியின் விதி. உறுதி இல்லை. அதனால் அவன் அறிவியலை விட்டுவிட்டு, சொந்த ஊரில் நாற்காலி பின்னும் பயிற்சிக்குப் போகிறான். நாற்காலி பின்னுவது நல்ல தொழில். நீங்கள் எல்லோரும் அதன்மேல்தான் சுகமாக இருக்கிறீர்கள். ஆனால் என் நண்பன் ஓர் இடத்தில் உட்காரவே மாட்டானே! உட்காராதவன் எதற்காக உட்காருகிற பொருளைப் பின்ன வேண்டும்?

அது என்ன புத்தகம், ஏன் கையில் இல்லை என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

இந்த ஆண்டு இயற்பியல் பாடநூல் புதிது. பன்னிரண்டு பாடங்கள். எங்கள் விரல் வாசிக்கும் புள்ளியெழுத்துப் பதிப்பு அச்சகத்தில் வரிசையில் நிற்கிறது. எப்போது அதன் முறை வரும் என்று அச்சகத்துக்கே தெரியாது. கைபேசி வாசிக்காதா? வாசிக்கும். ஆனால் படம் வந்தால் 'படம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கடன்காரனைக் கண்டவன் போல அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். எங்களுக்கு மிச்சம் இருப்பது மனிதக் குரல். மனிதர் ஒருவர் அமர்ந்து, படத்தைப் பார்த்து, 'இடப்பக்கம் ஒரு விளக்கு இருக்கிறது, அதிலிருந்து மூன்று கோடுகள் கிளம்புகின்றன' என்று சொல்லும் குரல்.

அந்தக் குரல் எங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு கிடைத்தன.

சங்கம் தந்த குரல் ஓர் அக்காவுடையது. பக்கத்துக்கு ஒருமுறை இருமுவார். அவர் இருமல் அக்கா. அறக்கட்டளை தந்த குரல் ஒரு மாமாவுடையது. வங்கியில் வரிசை எண் கூப்பிடுவது போல 'அடுத்த... பக்கம்' என்பார். அவர் டோக்கன் மாமா. அக்கா முதல் பாடத்திலிருந்து ஏழாம் பாடம் வரை வாசித்திருக்கிறார். மாமா? அவரும் முதல் பாடத்திலிருந்து ஏழாம் பாடம் வரை. அக்கா அளவீடு சொன்னார், மாமாவும் அளவீடு சொன்னார். அக்கா விசை சொன்னார், மாமாவும் விசை சொன்னார். ஏழாம் பாடம் ஒளி. எங்களுக்கு, ஐயா, இந்த எங்களுக்கு, ஒளியைப் பற்றி இரண்டு பேர் இரண்டு முறை விளக்கியிருக்கிறார்கள்! எட்டாம் பாடம் ஒலி. அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை. எங்களுக்குத் தேவை எது என்று இதைவிட நேர்த்தியாக யாரால் தவறவிட முடியும்?

கைதட்டாதீர்கள். இதுவரைதான் வேடிக்கை.

ஏழாம் பாடத்தின் முடிவில் அக்கா, "அடுத்த பாடத்தில் ஒலியைப் பற்றிப் பார்ப்போம்" என்கிறார். பிறகு பாடம் இல்லை. ஆனால் பதிவு உடனே நின்றுவிடவில்லை. யாரோ வால்பகுதியை வெட்ட மறந்துவிட்டார்கள். புத்தகத்தை மூடும் சத்தம். தண்ணீர்க் குவளையை மேசைமேல் வைக்கும் சத்தம். தூரத்தில் ஒருவர், "முடிஞ்சுதா?" என்கிறார். அக்கா, "ம், முடிஞ்சுது" என்கிறார். நாற்காலி நகர்கிறது. காலடிகள். கதவு. அதன் பிறகு அந்த வெற்று அறை மட்டும் கொஞ்ச நேரம் ஓடுகிறது.

அந்த வெற்று அறையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. விடுதியில் எங்கள் கட்டில்கள் அடுத்தடுத்து. ஆளுக்கு ஒரு காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு இருவரும் கேட்போம். பாடம் முடிந்த பிறகும் அணைக்க மாட்டோம். "யாராவது திரும்பி வருவாங்களாடா?" என்று ஒரு நாள் கேட்டேன். "வருவாங்களாவா?" என்றான் எதிரொலி. கேள்வியைச் சொல்லிவிட்டான். பதிலைச் சொல்லவில்லை.

அக்கா வேறு நாட்டுக்குப் போய்விட்டாராம். மாமாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சையாம், நீண்ட நேரம் பேசக்கூடாதாம். இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. மாதக்கணக்கில் காதுக்குள் குடியிருந்த இரண்டு பேர், சொல்லிக்கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது போலிருந்தது.

சரி, நேரில் போய்க் கேட்போம் என்று இருவரும் சங்கத்துக்குப் போனோம். செயலாளர் அம்மா, சாவிக்கொத்து அமைதியாகிவிட்டது. நினைவிருக்கிறது போலும்! அன்று நீங்கள் அலுவலகத்தில் இல்லை. வரவேற்பில் ஓர் அக்கா இருந்தார்.

"இயற்பியலா? ஏழு பாடம் இருக்கு தம்பி."

"எட்டு எப்பக்கா வரும்?"

"புதுசா ஒருத்தர் படிக்க வந்திருக்காங்க. சீக்கிரமே வந்துடும்."

"இப்ப எந்தப் பாடத்துல இருக்காங்க?"

"அது உள்ள ஒலிப்பதிவு அறையில கேக்கணும். நான் உள்ள போறதில்ல. சிவப்பு விளக்கு எரிஞ்சா யாரும் போகக் கூடாது."

"சிவப்பு விளக்கா? எங்களுக்கு எரியாதேக்கா" என்று சொல்லிக்கொண்டே எதிரொலி கதவைத் திறந்துவிட்டான்.

சத்தம் போகாமலிருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த கதவு அது. சத்தம் மட்டுமா போகாமலிருந்தது, பெரியோர்களே? சங்கதியும் போகாமலிருந்தது. உள்ளே புதிய வாசிப்பாளர் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தார்: "முதல் பாடம். அளவீடுகள்."

பதிவு செய்யும் அண்ணன் பதறிப்போனார். "டேய், டேய்! பதிவு ஓடுதுடா!"

"ஓடட்டும்ணே. ஏன் மறுபடி முதல் பாடம்?"

"ஒரு நூல், ஒரு குரல். அதுதான் இங்க முறை. பாதியில குரல் மாறினா, கேக்கற பிள்ளைங்க தடுமாறிப் போயிடுவீங்க. அதான் ஆள் மாறினா ஆரம்பத்துல இருந்து படிக்கறோம். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

எங்களுக்குப் பின்னால் வரவேற்பு அக்கா மூச்சை இழுத்துக்கொண்டார். "மறுபடி முதல்ல இருந்தா? நான் போன் பண்றவங்ககிட்ட எல்லாம் எட்டு வந்துட்டே இருக்குன்னு சொல்லிட்டிருக்கேன். எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

ஒரே கூரை. ஒரே கதவு. இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் தெரியாது. அங்கிருந்தே அறக்கட்டளைக்குத் தொலைபேசியில் பேசினோம். அங்கேயும் புதிய வாசிப்பாளர். அங்கேயும் அதே முறை. அங்கேயும் அளவீடுகள்.

திரும்பும் வழியில், பேருந்தில், "இனிமே நமக்கு ஆயுசு முழுக்க அளவீடுதான்டா" என்றான் எதிரொலி. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "பசிக்குதா?" என்று கேட்டேன். கேள்வியைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தான். அடுத்த நிறுத்தத்தில்தான் வாய் திறந்தான்.

"நான் கிளம்பறேன்டா."

"எங்க?"

"எங்கயாவா? ஊருக்கு."

எனக்கு இந்தக் கவலை இல்லையா? பாதி இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு என் அம்மா வருவார். சட்டை தைக்கும் ஆலையில் பித்தான் பிரிவில் வேலை. வந்ததும் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். அவனும் வந்து பக்கத்தில் அமர்வான். போன முறை ஒலிப் பாடத்தைத் தொடங்கினார். படம் வந்தது.

"ஒரு கோடு மேல போகுதுப்பா. அப்புறம் கீழ வருது. மறுபடி மேல போகுது, மறுபடி கீழ வருது. உங்க அப்பா மனசு மாதிரி."

"அம்மா, ரெண்டு மேட்டுக்கு நடுவுல ஏதாவது எழுத்து போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. காலை விரிச்சிட்டு நிக்கற ஆள் மாதிரி ஒண்ணு. யாருப்பா இவரு?"

நாங்கள் இருவரும் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். அந்த எழுத்து அலைநீளத்தின் குறி என்று எதிரொலிதான் கடைசியில் ஊகித்துச் சொன்னான். அம்மா ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவருடைய பேருந்துக்கு நேரமாகிவிட்டது. என் அம்மாவால் முடிந்தது அது. அவனுக்கு அந்த ஒரு பக்கத்துக்கும் ஆள் கிடையாது. என் அம்மாவை எவ்வளவு நாள் இரவல் வாங்குவது என்று கூச்சப்படுகிறான்.

சங்கத்துக்குப் போய்வந்த அந்த வாரம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஐயா, உங்கள் மூச்சு மாறுவது எனக்குக் கேட்கிறது. சொல்லத்தான் போகிறேன்.

கணினியில் அக்காவின் ஏழாம் பாடத்தையும் மாமாவின் ஏழாம் பாடத்தையும் எடுத்தேன். அக்காவிடமிருந்து ஒரு வாக்கியம், மாமாவிடமிருந்து ஒரு வாக்கியம் என்று மாற்றி மாற்றி ஒட்டினேன். "ஒளி நேர்கோட்டில் செல்லும்" என்கிறார் அக்கா. "இதைச் சோதித்துப் பார்க்கலாமா?" என்கிறார் மாமா. "ஓர் ஆடியின் முன் நிற்போம்" என்கிறார் அக்கா. "கவனம் தேவை" என்கிறார் மாமா. அக்கா இருமுகிறார். மாமா, "அடுத்த... பக்கம்." வாழ்நாளில் சந்தித்தே இராத இருவரும், பல ஆண்டு பழகியவர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். அதைச் சங்கத்துக்கு ஒன்று, அறக்கட்டளைக்கு ஒன்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் பள்ளித் தொலைபேசி பொரிந்து தள்ளியது. "எங்க அக்கா படிக்கறப்ப யாரோ ஒரு ஆள் நடுவுல நடுவுல புகுந்து பேசறாரு!" என்றது சங்கம். "எங்க மாமா பாடம் எடுக்கறாரு, யாரோ ஒரு பொண்ணு இருமிட்டே இருக்கு!" என்றது அறக்கட்டளை. ஐயா என்னைக் கூப்பிட்டார். "யாருடா இதைச் செஞ்சது?" என்றார். "எதைன்னு சொல்லுங்க ஐயா, பட்டியல் நீளம்" என்றேன்.

ஆனால் பாருங்கள், அன்றுதான் சங்கத்துக்குத் தெரிந்தது, அறக்கட்டளையும் இதே புத்தகத்தை வாசித்திருக்கிறது என்று. அன்றுதான் அறக்கட்டளைக்குத் தெரிந்தது, சங்கமும் இதே இடத்தில் நின்றிருக்கிறது என்று. அதனால்தான் இன்று இந்த இரண்டு நாற்காலிகளும், எவ்வளவு தள்ளித் தள்ளிப் போட்டாலும், ஒரே மேடையில் இருக்கின்றன.

அவையோரே! நான் யாரையும் குறைசொல்ல வரவில்லை. அன்பில்லாமல் எவரும் பஞ்சு வைத்த அறைக்குள் அமர்ந்து அளவீடு வாசிக்க மாட்டார். அக்கறையில்லாமல் எவரும் எங்கள் காது தடுமாறும் என்று கவலைப்பட மாட்டார். ஆனால் அந்தக் கவலையை எங்களிடம் ஒரு முறை கேட்டிருக்கலாமே! எங்கள் காது அவ்வளவு மெல்லியதா? சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தும்போதும், என் தட்டில் கைவைத்தவன் யார் என்று அவன் விரல் தட்டில் படும் ஓசையிலேயே சொல்லிவிடுவேன். குரல் மாறினால் தடுமாற மாட்டோம், செயலாளர் அம்மா. குரல் நின்றால்தான் தடுமாறுவோம்.

எல்லோரும் தொடக்கத்திலிருந்தே தொடங்கினால், முடிவுக்கு வருவது யார்? நீங்கள் ஓர் ஏழு வைத்திருக்கிறீர்கள், அவர்கள் ஓர் ஏழு வைத்திருக்கிறார்கள். கூட்டினால் பதினான்கு, எங்கள் கைக்கு வந்தால் ஏழு! இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் நடத்துகிறார்கள்? ஒருவர் முன்னாலிருந்து வந்திருந்தால், மற்றவர் பின்னாலிருந்து வந்திருந்தால், நடுவில் எங்கோ ஒரு பக்கத்தில் இருவரும் முட்டிக்கொண்டு, "அடடா, நீங்களா?" என்று சிரித்திருப்பீர்களே! உங்களிடம் இருப்பது என்ன என்று அவர்களிடம் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்பு போதாதா? அவர்கள் விட்ட இடம் எது என்று நீங்கள் கேட்க ஒரு குவளைத் தேநீர் போதாதா? உள்ளே நடப்பதை வெளியே இருக்கும் அக்காவிடம் சொல்ல, அந்தக் கதவை ஒரு விரற்கடை திறந்தால் போதாதா?

குரல் கொடுக்கும் கொடையாளர்களே, இன்னொன்றும் எனக்குத் தெரியும். நீங்களும் தனியாகத்தான் இருக்கிறீர்கள். மூடிய அறையில், ஒரு விளக்கின் கீழே, எதிரில் முகமில்லாத ஒரு மைக்கின் முன்னால். வாசிக்கும்போது நடுவில் சில சமயம் நிறுத்துகிறீர்கள். அந்த நிறுத்தம் எங்களுக்குக் கேட்கும். 'இதை யாராவது கேட்கிறார்களா?' என்று யோசிக்கும் நிறுத்தம் அது. கேட்கிறோம் என்று உங்களுக்குச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. நீங்கள் அங்கே தனியாகப் பேசுகிறீர்கள்; நாங்கள் இங்கே தனியாகக் கேட்கிறோம். உங்களைப் போலவே நகரத்தின் இன்னொரு மூலையில், இன்னொரு மூடிய அறையில், இன்னொருவர் அதே பக்கத்தை, அதே வரியை, அதே தனிமையில் வாசித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை பேர் சேர்ந்து, இவ்வளவு தனிமையை எப்படி உண்டாக்கினோம்?

ஆகவே நன்றியுரை சொல்ல வந்த நான் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து பாடங்கள். ஒரே குரல் வேண்டாம். ஐந்து குரல் வரட்டும், ஐம்பது குரல் வரட்டும். இருமுகிறவர் வரட்டும், திக்குகிறவர் வரட்டும். சங்கம் பாதி, அறக்கட்டளை பாதி. சம்மதமா?

என்ன, அரங்கம் சிரிக்கிறது? யாரோ தலையாட்டினார்களா? மேடையில் தலையாட்டி என்ன பயன், எங்கள் வரிசையில் ஒருவருக்கும் அது தெரியாதே! வாயைத் திறந்து சொல்லுங்கள். மைக்கை நீட்டுகிறேன். எந்தப் பக்கம் நீட்டுவது? இந்தப் பக்கமா?

கேட்டீர்களா? "எட்டு, ஒன்பது, பத்து மூணும் நாங்க எடுத்துக்கறோம்ப்பா. ஆளுக்கு ஒண்ணா மூணு பேரை உட்கார வைக்கறேன். நாளைக்கே தொடங்கிடலாம்" என்கிறார் செயலாளர் அம்மா! இப்போது தட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள்.

தலைவர் ஐயா, இப்போது உங்கள் பக்கம். சொல்லுங்கள் ஐயா. "எனக்குச் சம்மதம்தான் தம்பி. ஆனா முறையை மாத்தணும்னா செயற்குழு ஒத்துக்கணும். வர்ற வியாழக்கிழமை கூடுது. அதுக்கு முன்னாடி நான் வாக்கு குடுத்தா அது பொய்யாயிடும்" என்கிறார். இல்லை, இல்லை, யாரும் முணுமுணுக்க வேண்டாம். பொய் வாக்கு தராமல் இருந்ததற்கு நான் ஐயாவுக்கு நன்றி சொல்கிறேன். ஏழு பாடத்தோடு எழுந்து போன இருவரும்கூட எங்களுக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால், அந்த வெற்று அறையை நாங்கள் அத்தனை முறை கேட்டிருக்க மாட்டோம்.

பெரியோர்களே, தாய்மார்களே! விழா முடிந்ததும் நான் நேராக விடுதிக்குப் போவேன். என் நண்பன் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பான். "மூணு பாடம் வருதுடா, ரெண்டு பாடம் வியாழக்கிழமை தெரியும்" என்பேன். "தெரியுமாவா?" என்பான். பெட்டியிலிருந்து பாதிச் சட்டைகளை வெளியே எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்வேன். மீதிப் பாதி பெட்டியிலேயே இருக்கட்டும். வியாழக்கிழமை வரைக்கும் நான் அந்தப் பெட்டியைத் தொட மாட்டேன். ஆனால் அதை மூடவும் விட மாட்டேன்.

வந்தவர்களுக்கும், வாசித்தவர்களுக்கும், வாசிக்கப்போகிறவர்களுக்கும், வாயைத் திறந்து பதில் சொன்ன இருவருக்கும் நன்றி சொல்லி, வியாழக்கிழமைக்காகக் காதைத் திறந்து வைத்தபடி விடைபெறுகிறேன். வணக்கம்.